குதிகாலுக்கு ஒரு விமர்சனம்

குளிர்க்கிடங்கில் பெட்டி தூக்கும் ஒருவருக்கு ‘வெளிச்சம்’ என்று பட்டப்பெயர் வந்த கதை என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். கதை அவருடைய குதிகாலைப் பற்றியது. ஆனால் பெயரைச் சொல்லாமல் குதிகாலுக்குப் போக முடியாது. அதனால் முதலில் பெயர்.

தாடி நரைக்கத் தொடங்கிய வயதில், மாலை வகுப்பில் உட்கார்ந்து எழுத்துக் கற்றுக்கொண்டவர் அவர். ‘அ’ போடும்போது நாக்கு வெளியே வந்துவிடும். ‘ழ’ போடும்போது பக்கத்தில் இருப்பவரின் இடுப்பில் முழங்கை இடித்துவிடும். அப்படிப் பாடுபட்டுக் கற்ற பிறகு, யாரும் சொல்லித் தராமல் சொந்தமாக அவர் எழுதிய முதல் வாக்கியம் கிடங்கின் குறைப் பலகையில் இருந்தது: “வெளிச்சம் போதாது.” உறைபனி அறையின் கோடியில் குழல்விளக்கு செத்துப் பல மாதம் ஆகியிருந்தது. வாயால் சொன்னபோதெல்லாம் காதில் வாங்காத மேற்பார்வையாளர், எழுத்தில் பார்த்ததும் மறுநாளே புது விளக்குப் போட்டுவிட்டார். அன்று முழுக்க வெளிச்சத்தார் பெட்டி தூக்கவில்லை, அண்ணாந்துதான் நின்றார். தான் எழுதிய இரண்டு சொல் கூரையில் தொங்கி எரிகிற மாதிரி இருந்தது அவருக்கு.

ஒரு மனுஷனுக்கு ஒரு வாக்கியம் கைகொடுத்துவிட்டால் அவன் இன்னொன்றைத் தேட மாட்டான். இவரும் தேடவில்லை.

அவருடைய மனைவி ஒரு தையல்கடையில் கொக்கி, பொத்தான் தைக்கிறவர். அந்தக் கடையில் ஞாயிற்றுக்கிழமை மதியம் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு ஒரு கூட்டம் நடக்கும். கூடுகிறவர்கள் எல்லாம் பொழுதுபோக்குக்குப் படம் எடுக்கிறவர்கள். தையல்காரர் கடைக்கண்ணாடியில் விழும் தெருவை எடுப்பார். ஒரு நர்ஸ் ஆஸ்பத்திரி மொட்டைமாடியில் நின்று மேகம் எடுப்பார். மருந்துக்கடைக்காரர் ஒருவர் குழந்தை மாதிரி கழுத்தில் கட்டித் தூக்கித் திரியும் பெரிய கேமராவில் பறவை எடுப்பார். பறவை தவிர எதையும் எடுக்க மாட்டார். அதனால் அவருக்குப் பெயரே பறவைக்காரர்.

மனைவியைக் கூட்டிப்போக வந்த ஒரு ஞாயிறு, அங்கே ஏதோ ஒரு படத்தின் மேல் சண்டை நடந்துகொண்டிருந்தது. தையல்காரர் திரும்பி, “மச்சான், வெளியாள் நீங்க சொல்லுங்க. இதுல என்ன குறை?” என்று ஃபோனை நீட்டிவிட்டார். வெளிச்சத்தாருக்கு வியர்த்துவிட்டது. படத்தில் ஏதோ மரம், ஏதோ ஆள். தெரிந்த வாக்கியத்தைச் சொன்னார்.

“வெளிச்சம் போதாது.”

எல்லோரும் ஃபோனைத் திரும்ப வாங்கிப் பார்த்தார்கள். பிறகு தையல்காரர் தொடையில் தட்டி, “பாத்தீங்களா, அரைமணி நேரமா நாம இழுத்தத ஒரே வரில முடிச்சிட்டாரு” என்றார். அன்றைக்கே குழுவில் சேர்த்துக்கொண்டார்கள். பிறகு எந்தப் படம் வந்தாலும் இவர் எழுதுவது அதுதான். நடுப்பகல் வெயிலில் எடுத்த மணல்மேட்டுக்கும் வெளிச்சம் போதாது. பெட்ரோல் பங்க் தீப்பிடித்த படத்துக்கும் வெளிச்சம் போதாது. ‘இவர் சொல்றதுல ஏதோ உள்ளர்த்தம் இருக்கு’ என்று முதலில் பயந்தார்கள். பயம் தெளிந்ததும் பெயர் வைத்தார்கள்.

அவர் எடுக்கிற படங்களைப் பற்றியும் சொல்ல வேண்டுமே. எல்லாம் அட்டைப்பெட்டி. அடுக்கின பெட்டி, அடுக்காத பெட்டி, முன்னாலிருந்து, பக்கவாட்டிலிருந்து, ஏணி மேலிருந்து. பறவைக்காரர் ஒருமுறை பார்த்துவிட்டு, “என்ன வெளிச்சத்தாரே, இந்தப் பெட்டிக்கு மாப்பிள்ளை பாக்குறீங்களா? இத்தனை கோணத்துல எடுத்திருக்கீங்க” என்றார். நர்ஸ் சிரித்தார். மூலையில் கொக்கி தைத்துக்கொண்டிருந்த அவர் மனைவியும் சிரித்ததுதான் அவருக்குத் தாங்கவில்லை. பறவைக்காரருக்கு ஒருநாள் திருப்பிக் கொடுக்காமல் விடுவதில்லை என்று அன்றே முடிவு செய்துவிட்டார்.

குழுவுக்கு ஒரு வழக்கம் உண்டு. படத்தை யாரும் நேராகக் குழுவில் போடக்கூடாது. தையல்காரருக்குத் தனியாக அனுப்ப வேண்டும். அவர் பேர் சொல்லாமல் போடுவார். வாரம் முழுக்க எல்லோரும் கருத்து எழுதலாம். எழுதினதைத் திரும்ப எடுக்கக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை தையல்காரர், புது மாடல்களைக் காட்ட வைத்திருக்கும் பழைய டிவியில் படத்தைப் போட்டு, வந்த கருத்தை எல்லாம் சத்தமாக வாசிப்பார். கேட்டுவிட்டு, எடுத்தவர் கைதூக்கி “என்னுடையது” என்று சொன்னால் படம் நிற்கும். பதில் பேச அவருக்கு உரிமை உண்டு. யாரும் கைதூக்காவிட்டால் எல்லோர் கண் முன்னாலும் அழித்துவிடுவார். “தன் படத்துக்கு நிக்காதவனுக்கு நாம ஏன் நிக்கணும்” என்பது தையல்காரரின் கட்சி.

அப்படி ஒரு வாரம் அந்தப் படம் வந்தது.

இரண்டு கால். போர்வைக்கு வெளியே நீட்டிக்கொண்டு, குதிகால் நம்மைப் பார்த்தபடி. காய்ந்த ஏரி மாதிரி வெடிப்பு. பக்கத்தில் எங்கிருந்தோ ஒரு கீற்று வெளிச்சம் குதிகாலின் விளிம்பில் மட்டும் விழுந்திருந்தது. அவ்வளவுதான். முகம் இல்லை, ஆள் இல்லை.

போன ஞாயிறுதான் பறவைக்காரர், “அடுத்த தடவை பறவை இல்லாம ஒண்ணு அனுப்புறேன், அசந்துடுவீங்க” என்று சொல்லியிருந்தார். வெளிச்சத்தாருக்குச் சந்தேகமே இல்லை. மாட்டினான். அதோடு நர்ஸ் வேறு முந்தின நாள் குழுவில், “அண்ணே, ஒரு தடவையாவது நாலு வரி எழுதுங்களேன், உங்க கைக்கு என்ன சுளுக்கா?” என்று சீண்டியிருந்தார்.

சாப்பாட்டு இடைவேளையில் கையுறையைக் கழற்றி, விறைத்த விரலை வாயால் ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டு, வெளிச்சத்தார் தன் வாழ்க்கையின் முதல் நீண்ட விமர்சனத்தை எழுதினார். எழுதி முடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது. சாப்பாடு அப்படியே இருந்தது. எழுதினது இது:

“இது என்ன படம். இரண்டு கால். அதுவும் வெடித்த கால். இந்தக் கால் தண்ணீரைக் கண்டு எத்தனை நாளோ. காலுக்குச் சொந்தக்காரன் வீடு வாசல் இல்லாதவன் போலத் தெரிகிறது. தூங்குகிறவனைக் கேட்காமல் எடுத்தது தப்பு. எடுத்தவருக்கு இந்த ஆள் மேல் ஒட்டுதல் கிடையாது. படத்தில் பாசம் இல்லை. வெளிச்சம் போதாது.”

‘படத்தில் பாசம் இல்லை’ என்ற வரியை அவரே நாலைந்து தரம் படித்துப் பார்த்தார். தனக்குள் இப்படி ஒரு ஆள் உட்கார்ந்திருப்பது இத்தனை நாள் தெரியாமல் போயிற்றே என்று வருத்தமாகக்கூட இருந்தது. மற்றவர்கள் எழுதியிருந்ததைப் பார்த்தபோது பரிதாபம் வந்தது. நர்ஸ், “யாரோ ரொம்ப நேரம் பக்கத்தில் உட்கார்ந்திருந்து எடுத்த மாதிரி இருக்கிறது. திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்” என்று எழுதியிருந்தார். பறவைக்காரர், “சற்றே சாய்ந்திருக்கிறது. ஆனாலும் விட மனசில்லை” என்று எழுதியிருந்தார். பார், தன் படத்துக்குத் தானே நல்ல பேர் எழுதிக்கொள்கிறான் என்று வெளிச்சத்தார் பல்லைக் கடித்தார்.

வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் மனைவிக்கு அதை உரக்க வாசித்துக் காட்டினார். மனைவி மடியில் யாருடைய ரவிக்கையோ. ஊசி நடுவில் ஒருமுறை நின்றது.

“அந்தப் படத்த நல்லாப் பாத்தீங்களா?”

“பாக்காமயா இவ்ளோ எழுதுவேன்?”

“பெருசாக்கிப் பாத்தீங்களா?”

“அதுல பெருசாக்க என்ன இருக்கு. காலு.”

“ம்.”

“ஏன், நல்லா இல்லையா? பாசம் இல்லைன்னு போட்டேன் பாரு, அது எப்படி?”

“நல்லாத்தான் எழுதியிருக்கீங்க” என்று சொல்லிவிட்டு அவர் நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அன்றைக்குச் சாப்பாட்டுத் தட்டு கீழே வைக்கப்பட்ட சத்தம் கொஞ்சம் பலமாக இருந்தது. வெளிச்சத்தார் கவனிக்கவில்லை. எழுத்தாளர்கள் இதையெல்லாம் கவனிப்பதில்லை.

இரண்டு நாள் கழித்துக் கிடங்கின் உடைமாற்றும் அறையில், ரப்பர் பூட்ஸைக் கழற்றிப் போட்டுவிட்டு, கூட வேலை செய்பவரிடம் ஃபோனை நீட்டினார். இருவரும் ஒன்றாகவே கிடங்கில் சேர்ந்தவர்கள். “பங்காளி” என்றுதான் கூப்பிட்டுக்கொள்வார்கள்.

“பங்காளி, இந்தக் கால் எப்படி இருக்கு பாரு. நான் கிழிச்சிருக்கேன், படி.”

பங்காளி ஃபோனைப் பார்த்தார். குனிந்து பெஞ்சுக்குக் கீழே பார்த்தார். மறுபடி ஃபோனைப் பார்த்தார்.

“இதுக்கு எதுக்குய்யா ஃபோன்ல பாக்கணும்? நேர்லயே நாத்தத்தோட தெரியுதே.”

“என்னது?”

“உன் காலத்தான சொல்ற. சுண்டுவிரல் பாரு, பெட்டி விழுந்து வெளிப்பக்கமா கோணினது. நானில்ல உன்னத் தூக்கிட்டு ஓடுனேன்.”

வெளிச்சத்தார் ஒரு காலைத் தூக்கித் தொடைமேல் போட்டுத் திருப்பிப் பார்த்தார். மனுஷன் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கிறான், கையைத் தினம் பார்க்கிறான். குதிகாலை எவன் பார்க்கிறான்? அது எப்போதும் நமக்குப் பின்னால் வருகிற ஜந்து. படத்தைப் பெருசாக்கினார். கோணின சுண்டுவிரல் இருந்தது. போர்வை இருந்தது. போர்வையின் ஓரத்தில், அவருடைய பழைய நீலச் சட்டையை வெட்டி ஒட்டுப்போட்ட இடம் இருந்தது. ஒட்டின் தையல் நேர்த்தியாக, நெருக்கமாக, அவருக்கு நன்றாகத் தெரிந்த ஒரு கையின் தையலாக இருந்தது.

பெஞ்சில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

“என்ன பங்காளி, யாரு எடுத்தா?” என்றார் கூட்டாளி.

“வீட்டுல.”

“நீ என்ன எழுதியிருக்க?”

“பாசம் இல்லைன்னு.”

பங்காளி சற்று யோசித்தார். “ராத்திரிச் சாப்பாடு வேணும்னா எங்க வீட்டுக்கு வந்துரு” என்றார்.

வெளிச்சத்தார் நேராகத் தையல்கடைக்குப் போனார். மனைவி அன்றைக்கு வேலையைச் சீக்கிரம் முடித்துப் போயிருந்தார். தையல்காரர் தோளில் அளவுநாடாவோடு துணி வெட்டிக்கொண்டிருந்தார்.

“அந்தக் கால் படம் யாரோடது?”

“அத நான் சொல்லக்கூடாது மச்சான். ஞாயித்துக்கிழமை கைதூக்குனா தெரியும்.”

“தூக்குவாங்களா?”

தையல்காரர் கத்திரியைக் கீழே வைத்தார். “பேர் சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு சொல்றேன். வருஷக்கணக்கா நம்ம பேசுறதக் கேட்டுட்டு, முதல் தடவையா பயந்து பயந்து அனுப்பின படம் அது. நேத்து எங்கிட்ட வந்து, ‘அண்ணே, கைதூக்கல, நீங்க அழிச்சிருங்க, என் ஃபோன்லயும் எப்படி அழிக்கிறதுன்னு சொல்லிக்குடுங்க’ன்னாங்க. இனிமே எடுக்க மாட்டாங்களாம்.”

“நான் எழுதினத எடுத்துட்டா?”

“எடுக்கக்கூடாதுங்கறது சட்டம். எடுத்தாலும் பிரயோஜனம் இல்ல. பறவைக்காரர் அத இதயம் போட்டு அவர் சொந்தக்காரங்களுக்கெல்லாம் அனுப்பிட்டாரு.”

வீட்டுக்குப் போய் ஒரு மன்னிப்புக் கேட்டால் முடிந்துபோகிற காரியம் என்று உங்களுக்கும் எனக்கும் தெரிகிறது. ஆனால் மன்னிப்புக் கேட்க வேண்டுமானால், ‘என் கால் எனக்கே தெரியவில்லை, நான் தினம் போர்த்திக்கொள்கிற போர்வை தெரியவில்லை, நீ போட்ட ஒட்டு தெரியவில்லை’ என்று வரிசையாகச் சொல்ல வேண்டும். நீண்ட விமர்சனம் எழுதின வாய்க்கு அது வரவில்லை. அதனால் சுற்றி வளைத்தார்.

“அந்தக் கால் படம்… யோசிச்சுப் பாத்தா அவ்ளோ மோசமில்ல.”

“பாசம் இல்லைன்னீங்க.”

“இருக்கலாம்.”

“இருக்கலாமா?”

“இருக்கும்.”

“எழுதினத மாத்தக்கூடாதாமே” என்றபடி மனைவி எழுந்து உள்ளே போனார்.

வார்த்தையால் முடியாததைக் காலால் செய்யப் பார்த்தார். குளியலறையில் உட்கார்ந்து குதிகாலைத் தேய் தேய் என்று தேய்த்தார். சொரசொரப்பான கல், நார், பழைய பல்விளக்கும் பிரஷ், எதையும் விடவில்லை. மனைவி கதவுக்கு வெளியே நின்று, “என்ன திடீர்னு காலுக்குக் கல்யாணமா?” என்று கேட்டார். “சும்மா” என்றார் இவர். மறுநாளும் தேய்த்தார். தன்னால் மனைவியின் மானம் போனதற்குக் குதிகால்தான் காரணம் என்பது மாதிரி.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஷட்டர் பாதி இறங்கியது. வெட்டுமேசையில் துணியை ஒதுக்கிவிட்டு எல்லோரும் சுற்றி உட்கார்ந்தார்கள். மூலையில், வழக்கமான முக்காலியில், மனைவி ஒரு குவியல் ரவிக்கையை மடியில் போட்டுக்கொண்டு தலை நிமிராமல் கொக்கி தைத்துக்கொண்டிருந்தார். மேகம் வந்தது, நர்ஸ் கைதூக்கினார். ஒற்றைக்கால் பறவை வந்தது, பறவைக்காரர் பெருமூச்சோடு கைதூக்கினார். பறவை இல்லாத படம் எடுக்கப் போனவர், போன இடத்தில் பறவை வந்துவிட்டதாம்.

பிறகு டிவி முழுக்கக் கால்.

ஃபோனில் பார்த்ததற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆள் உயரத்துக்குக் குதிகால். தையல்காரர் ஒவ்வொரு கருத்தாக வாசித்துக் கடைசியில் இவருடையதற்கு வந்தார். தொண்டையைக் கனைத்து, நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ‘வீடு வாசல் இல்லாதவன்’ வந்தபோது வெளிச்சத்தார் மேசைக்கு அடியில் கிடந்த துணித்துண்டுகளைப் பார்த்தார். ‘பாசம் இல்லை’ வந்தபோது அந்தத் துண்டுகளுக்குள் போய்ப் படுத்துக்கொள்ளலாமா என்று பார்த்தார்.

“யாரோட படம்? கைதூக்குங்க.”

யாரும் தூக்கவில்லை. மூலையில் ஊசி ஏறி இறங்கியது.

“இன்னொரு தடவ கேக்குறேன்.”

ஊசி நின்றது. கை எழவில்லை. தையல்காரர் ரிமோட்டைக் கையில் எடுத்தார்.

“அழிக்காதீங்க” என்று வெளிச்சத்தார் எழுந்துவிட்டார். முக்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

“மச்சான், உங்க படமா?”

“படம் என்னுது இல்ல. காலு என்னுது.”

 அப்புறம் பறவைக்காரர் மெதுவாக, “வீடு வாசல் இல்லாதவன்…” என்று ஆரம்பித்தார். நர்ஸ் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“ஆமா. நான்தான். என் காலத் தெரியாம நானே எழுதிட்டேன். நம்பலைன்னா பாருங்க” என்று வெளிச்சத்தார் செருப்பைக் கழற்றி, வெட்டுமேசையில் கையை ஊன்றி, குதிரை லாடம் காட்டுகிற மாதிரி காலைப் பின்னால் தூக்கிக் காட்டினார்.

பறவைக்காரர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். டிவியைப் பார்த்தார். மறுபடி குனிந்தார்.

“இது அந்தக் கால் இல்லீங்க.”

“என்னது?”

“அது வெடிச்ச காலு. இது மழமழன்னு மாப்பிள்ளக் காலு. சிஸ்டர், நீங்க பாருங்க.”

நர்ஸும் பார்த்தார். “ஆமாண்ணே. அந்தப் படத்துக்கு ஏன் வீணா நீங்க ஜாமீன் நிக்கிறீங்க?”

நாலு நாள் தேய்த்த தேய்ப்பு. வெளிச்சத்தார் ஒற்றைக்காலில் நின்றபடி சுண்டுவிரலைக் காட்டினார், பெட்டி விழுந்த கதையைச் சொன்னார், பங்காளியை ஃபோனில் கூப்பிடட்டுமா என்றார். விவரமாகச் சொல்லச் சொல்ல, அவர் சொன்னது பொய் மாதிரியே இருந்தது. தையல்காரர் பெரிய மனசோடு, “மச்சான், உக்காருங்க. உங்க நல்ல எண்ணம் புரியுது” என்று ரிமோட்டை மறுபடி தூக்கினார்.

“அவரு காலுதாண்ணே.”

மூலையிலிருந்து வந்தது. மனைவி மடியிலிருந்த குவியலைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்திருந்தார். விரலில் இன்னும் ஊசி.

“தேச்சுத் தேச்சு இப்படி ஆக்கிட்டாரு. நாலு நாளா குளியலறைய விட்டு வெளியவே வரல. அவரு காலுதான். நான்தான் எடுத்தேன்.” பிறகு, மறந்துபோனதை நினைவுபடுத்திக்கொண்டு, ஊசி பிடித்த கையைத் தூக்கினார்.

தையல்காரர் ரிமோட்டைக் கவிழ்த்து வைத்தார். “தங்கச்சி, படம் நிக்குது. பதில் சொல்ல உனக்கு உரிமை இருக்கு. சொல்லு.”

அவர் யாரையும் பார்க்கவில்லை, டிவியைப் பார்த்துத்தான் பேசினார்.

“தண்ணியக் கண்டு எத்தனை நாளோன்னு எழுதியிருந்தாரு. நாள்பூரா ஐஸ் தண்ணியிலதாங்க நிக்கிறாரு, பூட்ஸ்ல ஓட்ட. கேக்காம எடுத்தது தப்புன்னு எழுதியிருந்தாரு. தப்புதான். கேட்டிருந்தா சட்டையப் போட்டுத் தலைய வாரிட்டு விறைப்பா நின்னிருப்பாரு. வெளிச்சம்… ஜன்னல்ல ஒரு விரக்கட திறந்து வெச்சிருந்தேன். அதுக்கு மேல திறந்தா முழிச்சிருவாரு. அன்னிக்குத்தான் ரெட்டை ஷிஃப்ட் பாத்துட்டு வந்து படுத்தாரு.”

நிறுத்தினார்.

“அந்தப் பாசம்…” என்று தையல்காரர் எடுத்துக்கொடுத்தார்.

“அதுக்கு நான் என்ன பதில் சொல்றது” என்று சொல்லிவிட்டு அவர் உட்கார்ந்துவிட்டார்.

வெளிச்சத்தார் இன்னும் ஒரு செருப்போடு நின்றுகொண்டிருந்தார். ஏதாவது சொல்லியாக வேண்டும் என்று எல்லோரும் அவரையே பார்த்தார்கள். தெரிந்த ஒரே வாக்கியம் நாக்கு நுனிவரை வந்தது. நல்லவேளை, விழுங்கிவிட்டார்.

“எழுதினது தப்பு. எனக்குப் பாக்கத் தெரியல” என்றார்.

“சட்டப்படி எழுதினத மாத்த முடியாதே” என்றார் பறவைக்காரர்.

“மாத்த வேணாம். இருக்கட்டும். கீழயே இதையும் எழுதிக்கறேன்.”

அங்கேயே நின்று, எல்லோரும் காத்திருக்க, எழுத்துக்கூட்டி எழுதினார். பறவைக்காரர் அதற்கும் ஒரு இதயம் போட்டார். பிறகு முக்காலியை மூலைப்பக்கம் திருப்பி, “அம்மா, படம் கொஞ்சம் சாஞ்சிருக்கு, அது மட்டும் ஏன்?” என்று கேட்டார். “கட்டிலுக்கு ஒரு கால் குட்டைங்க” என்றார் அவர். அது படத்தின் குறையா, கட்டிலின் குறையா என்று கூட்டம் முடியும்வரை சண்டை நடந்தது. அந்த அம்மாவும் சேர்ந்துதான் சண்டை போட்டார்.

அடுத்த ஓய்வுநாள் மதியம், வெளிச்சத்தார் சாப்பிட்டுவிட்டு வந்து பார்த்தால், மனைவி திரை கீறின பழைய ஃபோனோடு ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார்.

“இந்தத் தடவ உங்க கையப் படம் எடுக்கலாம்னு இருக்கேன். கேட்டுட்டேன், சரியா? படுங்க.”

வெளிச்சத்தார் கடமையாகப் படுத்தார். கண்ணை மூடினார். ஒரு கையை நெஞ்சின்மேல் வைத்து, விரல்களைப் பூ மாதிரி விரித்தார். வாழ்க்கையில் அப்படி அவர் தூங்கியதே இல்லை.

“கை பொம்மைக் கடைல வெச்ச மாதிரி இருக்கு.”

கையைப் பக்கத்தில் போட்டார். கூடவே மெல்லிய குறட்டை ஒன்றையும் சேர்த்துப் பார்த்தார்.

“ஃபோட்டோல குறட்டை விழாதுங்க.”

குறட்டையை நிறுத்தினார். படுத்த உடனே செத்தமாதிரித் தூங்குகிற மனுஷனுக்கு அன்றைக்குப் பார்த்து ஒரு பொட்டுத் தூக்கம் வரவில்லை. தெருவில் ஒரு லாரி பின்னால் போகிற சத்தம் கேட்டது. வயிற்றில் ஒரு அரிப்பு வந்தது, பொறுத்துக்கொண்டார்.

“எடுத்தாச்சா?”

“தூங்கறவங்க பேச மாட்டாங்க.”

“எவ்ளோ நேரம் ஆகும்?”

“நீங்க தூங்குற வரைக்கும்” என்றார் மனைவி. ஃபோனை ஜன்னல் கட்டையில் சாய்த்து வைத்துவிட்டு, கொக்கி தைக்க வேண்டிய ரவிக்கையை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டார்.